மேசைக்குப் போன மனு

மூக்கண்டப்பள்ளியில் யார் வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தாலும் அது கடைசியில் ஃபக்ருதீன் கைக்குத்தான் வந்து சேரும். எல்.ஐ.சி. நோட்டீஸ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கோர்ட்டு சம்மன் எதுவானாலும் “பாய்கிட்டக் காட்டு” என்பார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவர் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். கிருஷ்ணகிரியில் பி.யூ.சி. முடித்து, பி.ஏ. இங்கிலீஷ் ஒரு வருஷம் படித்தவர். வேப்பனப்பள்ளியில் மாங்காய் வியாபாரம் பார்த்த அத்தா திடீரென்று மௌத்தாகிவிட, படிப்பு அத்தோடு நின்றது. நின்றுபோன இரண்டு வருஷத்தை நினைத்து அவருக்கு ஏக்கம். படித்த ஒரு வருஷத்தை நினைத்துக் கொஞ்சம் கர்வம்.

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் இது எனக்குப் புரியவில்லை என்று அவர் சொன்னதில்லை. புரியாத இடத்தில் ஒரு கணம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு ஏதாவது ஒன்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மாரிமுத்துவும் ஜோதிமணியும் இருந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாரிமுத்து அதே கம்பெனியில் தகடு வளைக்கும் பிரஸ்ஸின் ஆபரேட்டர். ஜோதிமணியும் ஃபக்ருதீனின் மனைவி ஷரீஃபுன்னிசாவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே அடுப்புக்கரிக்காரனிடம் சண்டை போட்டு, அக்கா தங்கை மாதிரி ஆகியிருந்தார்கள்.

எண்பத்தேழாம் வருஷக் கடைசியில் நாலாம் நம்பர் பிரஸ் கோளாறு செய்ய ஆரம்பித்தது. பெடலை ஒருமுறை மிதித்தால் மேலிருந்து ஒரு அடிதான் விழ வேண்டும். தகடு வளைந்ததும் ஆபரேட்டர் கையை விட்டு எடுத்து, புதுத் தகடு வைப்பான். நாலாம் நம்பரோ சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது அடி அடித்தது. மெக்கானிக் பார்த்தான், ஏதோ மாற்றினான், ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. மறுபடியும் அடித்தது. மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி வலை போட்டுவிட்டால் கை உள்ளே போகவே போகாது. கார்டு என்று அதற்குப் பெயர். பன்னிரண்டு பிரஸ்ஸில் ஒன்றுக்குக்கூடக் கார்டு கிடையாது.

தொழிலாளிகள் சார்பில் பேசுகிற பாஸ்கரன், கார்டு கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னான். ஃபக்ருதீன் நாலு நாள் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, அழகான இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். பர்சனல் ஆபீசர் கோவிந்தப்பன் அதை வாங்கிக்கொண்டார். கம்பெனியில் பாதிப் பங்கு அமெரிக்காக்காரர்களுடையது. இந்த மாதிரிச் செலவுக்கு அவர்கள் கூடிப் பேசித்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

பொங்கல் போனது. பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை முதல் நாலாம் நம்பரில் யாரும் உட்காருவதில்லை என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது.

சாப்பாட்டு நேரத்தில் இருபது முப்பது பேர் போர்டைச் சுற்றி நின்றார்கள். ஃபக்ருதீனுக்கு வழி விட்டார்கள். டைப் அடித்த இரண்டே வரி. பிரஸ்களுக்குக் கார்டு போடும் யோசனை ஜனவரிக் கூட்டத்தில் ‘டேபிள்ட்’ என்றது முதல் வரி. ‘பெண்டிங் ஃபர்தர் ரிவ்யூ’ என்றது அடுத்தது.

“என்ன பாய் போட்டிருக்கு?” என்றான் பாஸ்கரன்.

“டேபிள் பண்ணிட்டாங்களாம்.”

“டேபிள்னா மேசைதானே? மேசையில வச்சு என்ன பண்றாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஃபக்ருதீனும் சிரித்தார். “தெனம் பேப்பர்ல வருதே, பார்லிமெண்ட்ல ரிப்போர்ட்டை டேபிள் பண்ணாங்கன்னு. சபைக்கு முன்னால வச்சாச்சு, பேச்சுக்கு எடுத்துக்கிட்டாச்சுன்னு அர்த்தம். நம்ம மனு மேசைக்குப் போயிருச்சுப்பா.”

கைதட்டல் எழுந்தது. கேண்டீனில் அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்து அரை மணி நேரம் அவர் பேசினார். வாய்ப்பாடும் டேபிள்தான், பஸ் ஸ்டாண்டில் எழுதிப் போட்டிருக்கும் நேரமும் டைம் டேபிள்தான், பிரஸ்ஸில் டை என்கிற அச்சை முடுக்குகிற அந்த இரும்புப் பலகைக்கும் அதே பெயர்தான் என்றார். “டேபிளுக்கு அடியில” என்றால் என்ன என்று யாரோ கேட்க, லஞ்சம் என்று அவர் சொல்வதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பெயரைச் சொல்லி ஒருவன் முந்திக்கொண்டான். அன்றைக்கு மாதிரி அவர் சந்தோஷமாக இருந்து ஷரீஃபுன்னிசா பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் இரண்டாவது வரி அவருக்கு இடித்தது. எடுத்துக்கொண்டாயிற்று என்றால் மேற்கொண்டு பரிசீலிக்கும்வரை என்று எதற்கு எழுத வேண்டும்? போர்டு முன்னால் நின்றபோதே மூன்று தடவை அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய கம்பெனிக்காரன், நாலு வார்த்தை கூடச் சேர்த்துத்தான் எழுதுவான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். கோவிந்தப்பன் அறை டைம் ஆபீஸிலிருந்து இருபது தப்படி. போய்க் கேட்டிருக்கலாம். போன மாதம் ஒரு மெமோவில் ஸ்பெல்லிங் தப்பைச் சுற்றி வட்டம் போட்டு, “பி.ஏ. படிச்ச ஆளு!” என்று நாலு பேருக்கு முன்னால் சிரித்தவர் கோவிந்தப்பன். ஃபக்ருதீன் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் மாரிமுத்து டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். நாலாம் நம்பர் அவனுக்குத்தான் ஒதுக்கியிருந்தது.

“பாய், பாஸ்கரன் வேலையை நிறுத்த வேணாங்கான். அப்ப நான் உக்காரலாங்கீகளா?”

“தைரியமா உக்காரு. பத்து நாள்ல கார்டு வந்துரும்.”

பத்து நாள் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அது அவர் வாயில் தானாக வந்தது.

பத்து நாள் போனது. இருபது நாளும் போனது. இருபத்தோராம் நாள், இரண்டாவது ஷிப்ட் தொடங்கி முக்கால் மணி நேரம் இருக்கும், பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தம் குறைந்துகொண்டே வந்து ஒரேயடியாக அடங்கியது. டைம் ஆபீஸில் இருந்தவருக்கு அந்த அமைதி புரிந்துவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார்.

மாரிமுத்து நின்றுகொண்டிருந்தான். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் தெரிந்தது.

“ரெண்டாவது தடவ விழுந்துருச்சு பாய்” என்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

வலது கையில் கட்டை விரலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

கம்பெனி வேனில் அவனை ஏற்றிக்கொண்டிருக்கும்போது சூப்பர்வைசர் ஃபக்ருதீனிடம், “அவன் டைம் கார்டை அவுட் பண்ணிடுங்க, இன்ஷூரன்ஸுக்கு டைம் கேப்பாங்க” என்றார். அவர் மாரிமுத்துவின் வருகைக் கார்டை எடுத்து மெஷினில் விட்டு அழுத்தினார். இரண்டு ஐம்பத்திரண்டு. அட்டையைத் திரும்ப அதன் இடத்தில் சொருக அவருக்குக் கை வரவில்லை. வேன் பெங்களூர் ரோட்டில் திரும்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கோவிந்தப்பன் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“பாஸ்கரன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து சத்தம் போடறான். கார்டு போடறேன்னு சொல்லி ஏமாத்திட்டீங்கன்னு. நாங்க எங்கய்யா சொன்னோம்? இப்போதைக்கு இல்லைன்னுதானே போர்டுல ஒட்டினோம்.”

“டேபிள் பண்ணியாச்சுன்னு போட்டிருந்துச்சுங்களே சார்.”

கோவிந்தப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது அமெரிக்காவுல இருந்து வந்த லெட்டர். அவங்க ஊர்ல டேபிள் பண்றதுன்னா ஓரமா எடுத்து வைக்கறது. கிடப்புல போடறது. கீழயே எழுதியிருந்துச்சே, திரும்ப யோசிக்கற வரைக்கும்னு.”

“நான் வேற மாதிரி சொன்னது உங்களுக்குத் தெரியுமா சார்?”

“கேண்டீன்ல கை தட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

“அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“வேலை நடந்துட்டிருந்துச்சு. எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன்.” அதைச் சொல்லும்போது கோவிந்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு டைப் அடித்த ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். “அடுத்த வாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. யோசனையைத் தள்ளி வச்சிருக்காங்கன்னு நீங்க எல்லாருக்கும் சரியாத்தான் படிச்சுச் சொன்னீங்க. தெரிஞ்சுதான் மாரிமுத்து உக்காந்தான். அவ்வளவுதான்.”

“அது பொய்ங்களே.”

“அப்ப நிஜம் என்ன? அவன் கை போனதுக்கு நீங்கதான் காரணம்னு அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுவீங்களா? யோசிச்சுக்கோங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதியிருக்கேன்.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

கோவிந்தப்பன் சொன்ன அர்த்தம் பொய்யாக இருக்கும் என்று அவர் மனசு ஒரு பக்கம் நம்பியது. ஒரே வார்த்தை எப்படி எடுப்பதற்கும் எடுக்காமல் விடுவதற்கும் நிற்கும்? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி லைப்ரரிக்குப் போனார். அங்கே இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில் ஒரு அகராதி இருந்தது. காலேஜ் நாளில் அதைப் புரட்டுவதே ஒரு சுகமாக இருந்தது அவருக்கு.

மேசை. மேசையில் பரிமாறும் உணவு. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள். வாய்ப்பாடு. அட்டவணை. எழுத்துப் பொறித்த கல். மலைமேல் தட்டையான நிலம். ‘வாட்டர் டேபிள்’ என்றால் பூமிக்கடியில் தண்ணீர் நிற்கும் மட்டம். ‘டர்ன் த டேபிள்ஸ்’ என்றால் ஜெயித்துக்கொண்டிருப்பவனைத் தோற்கிற பக்கம் தள்ளுவது. கூடக் குடித்தவன் மேசைக்கடியில் விழுந்து கிடக்கும்வரை குடிப்பதற்கும் ஒரு வழக்கு இருந்தது. விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். வினைச்சொல்லாக வரும்போது: விவாதத்துக்கு முன்வைத்தல். அதற்கு அடுத்த வரியில், அமெரிக்க வழக்கு என்று சாய்வெழுத்தில் போட்டு: விவாதத்தைக் காலவரையின்றித் தள்ளி வைத்தல்.

இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு அரைப்புள்ளிதான் இருந்தது.

முழுவதையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. லைப்ரரி ஆள் வந்து சாத்துகிற நேரம் என்று சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஷரீஃபுன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோவிந்தப்பன் கொடுத்த தாளைக் காட்டினார். அகராதியிலிருந்து எழுதி வந்ததையும் காட்டினார். “பாரு, நான் சொன்னதும் இருக்கு. நான் சொன்னது தப்பில்ல. ரெண்டும் இருக்கு.”

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. “அன்னைக்கு உங்களுக்கு எதுவும் சந்தேகம் வரலையா?” என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப வந்துச்சு” என்றாள். “இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன வேணா சொல்லிக்கலாங்க. மொதல்ல ஜோதிமணி வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. நான் தெனம் அவ முகத்துல முழிக்கறேன்” என்றாள்.

மாரிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் இருவரும் போனார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவன் சுவரில் சாய்ந்திருந்தான். ஜோதிமணி அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஃபக்ருதீன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்ததைச் சொன்னார். இரண்டாவது வரி இடித்ததையும், கேட்க வெட்கப்பட்டதையும் சொன்னார். பத்து நாள் என்றது தன் வாயில் வந்தது என்றும் சொன்னார்.

ஜோதிமணியின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

“தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா வேற யார்ட்டயாச்சும் கேட்டிருப்போமே அண்ணே” என்றாள். “ஒங்கள யாரு கொறச்சலா நெனச்சிருக்கப் போறா? நாங்க என்ன, இங்கிலீசு பரிச்சையா வைக்கோம் ஒங்களுக்கு?”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மாரிமுத்து கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு, “அது என்ன வார்த்தை பாய்?” என்று கேட்டான்.

“டேபிள்.”

“மேசை” என்றான் அவன். “வெறும் மேசை.” ஷரீஃபுன்னிசா ஜோதிமணியின் தோளைத் தொட்டாள். அவள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வந்தார். கேண்டீனில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். ஃபக்ருதீன் கோவிந்தப்பனின் தாளைக் கையெழுத்தில்லாமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, தானே தமிழில் எழுதி வந்ததைப் படித்தார். தப்பாகச் சொன்னது தான்தான் என்றும், தப்பாகச் சொன்னது கோவிந்தப்பனுக்கு அப்போதே தெரியும் என்றும் அதில் இருந்தது. கோவிந்தப்பன் எழுந்து நின்று, தனக்கு அப்படி எதுவும் தெரியாது, கிளார்க் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்றார்.

இன்ஸ்பெக்டர் வயசானவர். “அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் இருக்குங்கறீங்க. அப்புறம் உங்க பேர்ல தப்பு எங்கே இருக்கு?” என்று கேட்டார்.

“அர்த்தத்துல இல்லீங்க சார். எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் போய்க் கேக்கலை.”

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். சுற்றி நின்றவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை பாஸ்கரனுக்கும் மற்றவர்களுக்கும் முழு விஷயம் தெரியாது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். ஃபக்ருதீன் வெளியே வந்தபோது யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும், “மேசைக்குப் போயிருச்சு!” என்று அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுப் பிரஸ் பக்கம் நடந்தான்.

பன்னிரண்டு பிரஸ்ஸுக்கும் உடனே கார்டு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அமெரிக்காவிலிருந்து எதுவும் வர வேண்டியிருக்கவில்லை. கம்பெனி வெல்டர் ஒருவரே ஸ்கிராப்பில் கிடந்த கம்பியை வளைத்து, மூன்றே நாளில் பன்னிரண்டையும் செய்து சிவப்பு பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டார். ஃபக்ருதீன் மூன்று நாளும் டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அந்த வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அவருக்குச் சஸ்பென்ஷன் ஆர்டர் வந்தது. அதிகாரம் இல்லாமல் நிர்வாகத்தின் அறிவிப்புக்கு விளக்கம் சொல்லித் தொழிலாளிகளைத் தவறாக வழிநடத்தியதாக அதில் இருந்தது. சித்திரையில் வேலையே போனது. பாஸ்கரன் ஒருநாள் தெருவில் பார்த்து நின்றான்.

“உங்களுக்காகப் பேசலாம்னுதான் பாய் நெனச்சேன். ஆனா யாரு முன்னால நின்னு பேசறது? மாரிமுத்து முன்னாலயா?” என்றான்.

“வேணாம்ப்பா” என்றார் ஃபக்ருதீன்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில், அத்தாவைத் தெரிந்த ஒருவர், லாரிகளுக்கு ரசீது எழுதும் வேலை கொடுத்தார். தினம் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பினார். காகிதங்களோடு யாரும் வீட்டுக்கு வருவதில்லை. தெரு முனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த ஒருவரிடம் இப்போது எல்லோரும் போனார்கள்.

மாரிமுத்துவுக்குக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அவனால் அங்கே உட்கார முடியவில்லை. உள்ளே பிரஸ் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. வருகிறவர்கள் பார்த்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான். இந்தச் சேதியை ஷரீஃபுன்னிசாதான் குழாயடியில் கேட்டு வந்து சொன்னாள். ஜோதிமணி அவளிடம் மட்டும் மறுபடி இரண்டொரு வார்த்தை பேச ஆரம்பித்திருந்தாள்.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் நின்றது. ஃபக்ருதீன் போகலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் போனார். ஷரீஃபுன்னிசா சப்பாத்தி கட்டிக் கொடுத்திருந்தாள். மாரிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வலது கையை ஒரு துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தான். ஜோதிமணி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “அக்காவ ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க” என்றாள்.

ஃபக்ருதீன் ஜன்னலுக்குக் கீழே நின்றார். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்தது.

மாரிமுத்துதான் பேசினான். “ஊர்ல கேட்டா மிசின்ல மாட்டிருச்சுன்னுதான் சொல்லுவேன். ஒங்க பேரு வராது. பயப்படாதீக.”

“நான் அதுக்காக வரலை மாரிமுத்து.”

“தெரியும்” என்றான் அவன். “ஆனா வேற என்னத்தச் சொல்ல? மனசுல ஒண்ணுமில்லைன்னு சொல்லணும்னுதான் இருக்கு. வாயில வரமாட்டேங்குது பாய்.”

டிரைவர் ஏறினார். பஸ் பின்னால் வந்து திரும்பி, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி ஏறி ரோட்டுக்குப் போனது. ஃபக்ருதீன் சட்டை நனைய அங்கேயே நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு இடம் வேண்டும் என்று ஒரு கண்டக்டர் விசில் ஊதி விரட்டியபோதுதான் நகர்ந்தார்.

வீட்டில் ஷரீஃபுன்னிசா வாசலிலேயே இருந்தாள். “வாங்கிக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“அவ வாங்கிக்கிட்டா” என்றார்.

அடுத்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. வீட்டுக்காரர் சாக்பீஸால் ‘வாடகைக்கு’ என்று கதவில் எழுதியிருந்தார். தூறலில் அது பாதி கரைந்து வழிந்துகொண்டிருந்தது.